சலில் சௌத்ரியும் தேசபக்திப் பாடலும்

(ஒரு சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தேசபக்திப் பாடல் என்று சொன்ன மாத்திரத்தில் நம் செவியில் எழுவது முரசும் கொம்பும் கலந்து முழங்கும் ஓர் அணிவகுப்பின் ஓசை. அத்தகைய பாடல்களுக்குரிய இடத்தை நான் மறுக்க வரவில்லை. ஆனால் வடநாட்டில் ஆகஸ்டு 15-ஆம் தேதியன்றும் ஜனவரி 26-ஆம் தேதியன்றும் வானொலி நிலையங்கள் பல்லாண்டுகளாக ஒலிபரப்பி வரும் பாட்டு ஒன்று உண்டு; அதில் முரசும் இல்லை, கொம்பும் இல்லை. மன்னா டே தம் குரலை அடக்கி, அருகில் உறங்குபவரை எழுப்பிவிடக் கூடாதே என்று அஞ்சுகிறவரைப் போலப் பாடுகிறார். ரபாப் என்னும் ஆப்கானிய நரம்புக் கருவியின் சாயல் கொண்ட தனியோசை ஒன்று அக்குரலைத் தொடர்ந்து செல்கிறது. பாட்டு இடம்பெறுவது 1961-இல் வெளிவந்த 'காபூலிவாலா' என்னும் ஹிந்திப் படத்தில். எழுதியவர் பிரேம் தவன். இசை அமைத்தவர் சலில் சௌத்ரி. படத்துக்கு மூலமாக ரவீந்திரநாத தாகூர் 1892-இல் எழுதிய சிறுகதையை அறிந்தவர்களுக்கு அதன் நாயகனை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மலைநாட்டிலே தன் பெண்குழந்தையை விட்டுவிட்டு, கல்கத்தாத் தெருக்களில் உலர்ந்த பழங்களும் சால்வைகளும் விற்றுப் பிழைக்க வந்த ஒரு பட்டாணியனின் கதை அது. படத்திலே இந்தப் பாட்டு ஏங்கி அழைக்கும் தாயகம் பாரதம் அன்று, ஆப்கானிஸ்தானம்.

பிற நாட்டான் ஒருவன் தன் நாட்டை எண்ணி ஏங்கும் பாட்டை நம் நாட்டு மக்கள் தம்முடைய சுதந்திர தினத்துக்குரிய பாட்டாக ஏற்றுக்கொண்டார்கள் என்பதும், அதிலே ஒரு பொருத்தக்குறைவும் எவருக்கும் தோன்றவில்லை என்பதும் சிந்திக்கத்தக்கவை. அந்தப் பாட்டில் பகைவன் இல்லை, வெற்றி இல்லை, எல்லைக்கோடு இல்லை. ஊரைப் பிரிந்து வந்த ஒரு கூலிக்காரன் மட்டும் இருக்கிறான். சலில் சௌத்ரி என்ற மனிதர் நாற்பதாண்டுகளுக்கு மேல் செய்த இசைத்தொழிலின் சாரம் இந்த ஒரு பாட்டில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். தேசம் என்று அவர் கண்டது நிலப்படத்தை அன்று, கொடியையும் அன்று. அந்நிலத்தின் சுமையைத் தலையில் தாங்கி நடக்கும் மாந்தரையே அவர் தேசமாகக் கண்டார். அவருடைய புரட்சிப் பாடல்களையும் அவருடைய சினிமாப் பாடல்களையும் வெவ்வேறாகப் பிரித்து, முன்னவற்றைப் போற்றிப் பின்னவற்றை மன்னிக்கும் வழக்கம் ஒன்று விமரிசகரிடையே உண்டு. அந்த வழக்கத்தை நான் ஏற்கவில்லை. இரண்டும் ஒரே ஊற்றின் நீர் என்பதையே இன்று உங்கள் முன் விரித்துரைக்க விழைகின்றேன்.

சலில் 1925-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் தேதி வங்காளத்தின் இருபத்துநான்கு பர்கானாப் பகுதியில் பிறந்தார் எனினும், அவருடைய செவி வளர்ந்தது அஸ்ஸாமின் தேயிலைத் தோட்டங்களில். தந்தையார் ஞானேந்திரநாத் அங்கே தோட்ட மருத்துவர். தேயிலைத் தோட்டம் என்பது எப்படிப்பட்ட இடம் என்பதைத் தமிழர்களாகிய நமக்கு வேறொருவர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை; இலங்கையின் மலைநாட்டிலும் வால்பாறையிலும் நீலகிரியிலும் கொழுந்து பறித்த நம்மவரின் வரலாறே அதைச் சொல்லும். அஸ்ஸாமின் தோட்டங்களுக்குச் சோட்டா நாகபுரியிலிருந்தும் ஒரிஸ்ஸாவிலிருந்தும் இன்னும் பல திக்குகளிலிருந்தும் ஆதிவாசிகளும் ஏழைக் குடியானவர்களும் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டார்கள். உடைமை என்று எதையும் எடுத்துவர இயலாத அவர்கள் தத்தம் ஊர்ப்பாட்டை மட்டும் கொண்டுவந்தார்கள். அந்தி சாய்ந்ததும் கூலி லயங்களிலிருந்து எழும் மாதளத்தின் தாளமும் குழலின் ஓசையும் மருத்துவர் வீட்டுப் பிள்ளையின் காதில் விழுந்தன.

அதே வீட்டில் வேறொரு சங்கீதமும் இருந்தது. அங்கே பணியாற்றிய ஐரிஷ் மருத்துவர் ஒருவர் ஊர் திரும்புகையில் தம்முடைய கிராமபோன் பெட்டியையும் மேனாட்டுச் சாஸ்திரிய இசைத்தட்டுகளையும் ஞானேந்திரநாதரிடம் விட்டுச் சென்றார். பாக்கும் மொஸார்ட்டும் பீத்தோவனும் அந்தக் காட்டு நடுவே, கூலிகளின் பாட்டோடு ஒரே காற்றில் கலந்து, ஒரு சிறுவனின் மனத்தில் இறங்கினார்கள். மகனுக்கு இசைத்தட்டு கேட்பிப்பதோடு தந்தையார் நின்றுவிடவில்லை. தோட்டத்துரைமார்களின் ஆட்சி கொடிகட்டிப் பறந்த நாளிலே, தோட்டத் தொழிலாளர்களையே நடிகர்களாக வைத்து நாடகம் போட்டார். கலை என்பது இரண்டு ரூபாய் நுழைவுச்சீட்டு வாங்கிய கனவான்களுக்கு மட்டும் உரியதன்று என்ற பாடத்தைச் சலில் எந்தக் கட்சியிலும் சேர்வதற்கு முன்பே தம் வீட்டு முற்றத்தில் கற்றார்.

பின்னர் கல்கத்தாவிலே ஒன்றுவிட்ட சகோதரர் நிகில் சௌத்ரி நடத்திய 'மிலன் பரிஷத்' என்ற வாத்தியக் குழுவில் பழகி, குழல், எஸ்ராஜ், பியானோ முதலிய பல கருவிகளைக் கையாளத் தேர்ந்தார். வங்கவாசிக் கல்லூரியில் படித்தார். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அந்த இளைஞர் எதிரே 1943-ஆம் ஆண்டின் பஞ்சம் வந்து நின்றது.

அந்தப் பஞ்சத்தை ஓரிரு வாக்கியங்களில் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. வானம் பொய்த்ததனால் மட்டும் வந்த பஞ்சம் அன்று அது. யுத்தகாலத்து அரசின் கொள்கையும், அரிசியைப் பதுக்கிய வியாபாரிகளின் பேராசையும், பர்மாவிலிருந்து அரிசி வரவு நின்றுபோனதும், படகுகளைப் பறிமுதல் செய்து ஆற்றுவழிப் போக்குவரத்தை முடக்கியதும் சேர்ந்து விளைத்த கேடு. இருபது இலட்சத்திலிருந்து முப்பது இலட்சம் மக்கள் மாண்டார்கள் என்பது கணக்கிட்டவர்களின் மதிப்பு. நெல் விளைவித்த குடியானவன் கல்கத்தா நடைபாதைக்கு வந்து, சோறு கேட்கவும் துணிவின்றி, வடித்த கஞ்சி கேட்டு வீடுவீடாக நின்றான். இந்தக் கோரத்தைக் கண்ட வங்கத்துக் கலைஞர்களின் வாழ்வு இரண்டாகப் பிளந்துபோயிற்று. பஞ்சத்துக்கு முன் எழுதியதுபோல் பின்னர் அவர்களால் எழுத முடியவில்லை, வரைய முடியவில்லை, பாட முடியவில்லை. 1943-இல் தோன்றிய இந்திய மக்கள் நாடக மன்றம் அவர்களை ஓரிடத்தில் சேர்த்தது. விஜன் பட்டாசாரியாவின் 'நபான்ன' என்னும் பஞ்ச நாடகம் 1944-இல் மேடையேறி வங்காளத்தையே உலுக்கியது. அந்த மன்றத்திலே பாட்டெழுதுகிறவராகவும் மெட்டமைப்பவராகவும் குழலூதுகிறவராகவும் சலில் சேர்ந்தார்.

வங்காளிகள் கணசங்கீதம் என்று வழங்கும் மக்கட் பாடல்களை அவர் இயற்றியது இந்தக் காலத்திலேதான். 1945-இல் அவர் இயற்றிய ஒரு பாட்டு, நீதிபதியை நோக்கி, 'உன்னையும் தீர்ப்பிட ஜனங்கள் எழுந்துவிட்டனர்' என்ற கருத்தை முன்வைத்தது. அதற்கு அவர் தேர்ந்துகொண்டது எந்த நடையை? மேனாட்டுப் புரட்சிப் பாடலின் அணிவகுப்பு நடையை அன்று. சைதன்யர் காலந்தொட்டு வங்கத்துக் கிராமங்களில் மிருதங்கமும் தாளமும் கொட்டிப் பாடிவரும் கீர்த்தனத்தின் நடையையே. குடியானவனின் வாயில் ஏற்கெனவே இருந்த மெட்டில் புதிய சினம் ஏறி அமர்ந்தது. நம் பாரதியார் கும்மியையும் நொண்டிச்சிந்தையும் காவடிச்சிந்தையும் எடுத்துத் தேசத்தைப் பாடியபோது செய்ததும் இதுவே. 1946-இல் வேலைநிறுத்தங்கள் அலையலையாக எழுந்து கல்கத்தாவை நிறைத்த நாளில், அந்த அலையையே உருவகமாக்கி அவர் செய்த பாட்டோ வேறு வகையானது; அதில் ஒரு கூட்டத்தின் குரல் ஏறி இறங்கி, மற்றொரு கூட்டத்தின் குரல் அதன்மேல் வந்து மோதி, இரண்டும் சேர்ந்து உயர்கின்றன.

இந்தக் காலத்தில் அவர் கைது செய்யப்படாமல் தப்புவதற்காகத் தலைமறைவாகவும் வாழ்ந்தார். சுந்தரவனத்தை அடுத்த வயற்புறங்களிலே விவசாயிகள் அவரை மறைத்து வைத்துச் சோறிட்டார்கள். அவர் இயற்றிய பாடல்களில் பல, இசைத்தட்டில் ஏறாமலே, கூட்டத்திலிருந்து கூட்டத்துக்கு வாய்வழியே பரவின. பாடினவர்களில் பலருக்கு இயற்றியவர் பெயரும் தெரிந்திராது. ஒரு பாட்டு தன் கர்த்தாவின் பெயரை உதிர்த்துவிட்டு ஜனங்களின் சொத்தாகிவிடுவதைவிடப் பெரிய பாக்கியம் பாட்டெழுதுபவனுக்கு வேறென்ன இருக்கிறது?

இனி நான் சற்றே நின்று பேச விரும்புவது இரண்டு இசைத்தட்டுகளைப் பற்றி. முதலாவது 1949-இல் ஹேமந்த குமார் முகோபாத்யாயர் பாடி வெளிவந்த 'காயேர் பொது'. கிராமத்து மருமகள் ஒருத்தியின் கதை அது. நிறைந்த குதிரும் அந்தி விளக்கும் நிழல் தரும் மரங்களுமாக இருந்த அவளுடைய குடில் பஞ்சத்தின் வாய்ப்பட்டு எப்படி அழிந்தது என்பதைச் சொல்லுவது. ஓர் இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்கு மேல் இடமில்லாத காலம். ஆகவே பாட்டு இருபக்கங்களிலும் தொடர்ந்து ஓடுகிறது. முதற்பக்கத்திலே சௌபாக்கியம், தட்டைப் புரட்டிப் போட்டால் அடுத்த பக்கத்திலே பாழ். கேட்பவர் தம் கையாலேயே தட்டைத் திருப்ப வேண்டியிருந்தது என்பதிலுள்ள சோகத்தை நீங்கள் உணரலாம். பல்லவி, அநுபல்லவி, சரணம் என்ற வட்டத்தில் சுழன்று தொடங்கிய இடத்துக்கே மீளும் பாட்டை மட்டும் அறிந்திருந்த ரசிகர்களுக்கு, தொடங்கிய இடத்துக்கு மீளவே முடியாத ஒரு கதையைச் சொல்லும் இந்த உருவம் புதிதாக இருந்தது. அது வங்கத்துத் தனிப்பாடலின் சரித்திரத்தையே திருப்பிவிட்டது என்று அறிந்தோர் கூறுவர்.

இரண்டாவது 'ரன்னர்'. பாட்டின் கவி சுகாந்த பட்டாசாரியர். நாடு விடுதலை பெறுவதற்குச் சில மாதங்கள் முன்னே, 1947 மே மாதத்தில், க்ஷயரோகத்தினால் இருபது வயதிலேயே மறைந்த மகாகவி அவர். கையில் விளக்கும் ஈட்டியும் மணியும் ஏந்தி, முதுகிலே தபால் மூட்டையைச் சுமந்து, இரவெல்லாம் ஓடுகின்ற அஞ்சற்காரன்தான் அக்கவிதையின் நாயகன். பிறருடைய பணத்தைச் சுமந்து செல்லும் அவன் வீட்டில் பசி. பிறருடைய இன்ப துன்பங்களைச் சுமந்து செல்லும் அவனுடைய துன்பத்தை எழுதிய கடிதம் எந்த மூட்டையிலும் இல்லை. இந்தக் கவிதைக்குச் சலில் அமைத்த இசையில் ஒரு விசேஷம் உண்டு. பாட்டு ஓட ஓட அதன் ஆதார சுருதியே இடம் பெயர்ந்துகொண்டு போகிறது. நம் கர்நாடக சங்கீத வித்வான்கள் ராக ஆலாபனையின் நடுவே கிரகபேதம் செய்வதைக் கேட்டிருக்கிறீர்கள். அங்கே ஸ்வரஸ்தானங்கள் அப்படியே இருக்க, ஷட்ஜமாகக் கொள்ளும் இடம் மாறி வேறொரு ராகம் கணநேரம் முகம் காட்டிவிட்டு மறைகிறது. வித்வானும் உடனே தம் ஷட்ஜத்துக்குத் திரும்பிவிடுகிறார். தம்பூராவும் அவரைத் திரும்ப அழைத்தபடியே இருக்கிறது. 'ரன்னர்' பாட்டில் நிகழ்வது அதனின் வேறானது. சுருதி ஓர் இடத்தை விட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்தால் நகர்ந்ததுதான். அந்த அஞ்சற்காரன் தாண்டி வந்த கிராமத்துக்கு அவன் திரும்பாததுபோல, இசையும் தான் விட்டு வந்த சுருதிக்குத் திரும்புவதில்லை. மேனாட்டு இசையின் ஒரு நுட்பத்தை அலங்காரத்துக்காக எடுத்து ஒட்டிக்கொண்டவர்கள் நம் நாட்டில் ஆயிரம் பேர். அந்த நுட்பத்தைக் கொண்டு ஓர் ஏழையின் கால்நடையை எழுதிக் காட்டியவர் இவர் ஒருவரே என்று நான் துணிந்து சொல்வேன்.

இப்படிப்பட்ட பாடல்கள் அவருடைய தோழர்கள் அனைவருக்கும் உவப்பாக இருக்கவில்லை. போராட்டத்துக்கு அழைக்காமல் துயரத்தை மட்டும் காட்டுகிற பாட்டு ஜனங்களைச் சோர்வடையச் செய்துவிடும் என்று இயக்கத்துக்குள்ளேயே சிலர் கருதினர். ஆயினும் அழிந்துபோன குடிலின் முன் ஒரு நிமிஷம் நின்று அழத் தெரியாதவன் அந்தக் குடிலுக்காக எதை மீட்கப் போகிறான்? சலிலுக்கும் இயக்கத்துக்கும் இடைவெளி மெல்ல வளர்ந்தது. அவர் தம் கொள்கையை விட்டுவிடவில்லை. பாட்டுக்கு முன்கூட்டியே உத்தரவு எழுதித் தருவதை ஒப்பவுமில்லை.

பம்பாய்க்கு அவர் சென்ற வரலாறும் கவனிக்கத்தக்கது. சங்கீதக்காரராக மட்டும் அவர் அங்கே அழைக்கப்படவில்லை, கதாசிரியராகவும் அழைக்கப்பட்டார். அவர் எழுதிய 'ரிக்ஷாவாலா' என்ற கதையே பிமல் ராய் இயக்கி 1953-இல் வெளிவந்த 'தோ பீகா ஜமீன்' ஆயிற்று. ஜமீன்தாரின் கடனிலிருந்து தன் இரண்டு பீகா நிலத்தை மீட்கக் கல்கத்தாவுக்கு வந்து ரிக்ஷா இழுக்கிறான் ஒரு குடியானவன், மீட்க முடியவில்லை, நிலத்தில் தொழிற்சாலை எழும்புகிறது. கடைசிக் காட்சியிலே அவன் தன்னுடைய பழைய மண்ணில் ஒரு பிடியை அள்ளுகிறான்; காவற்காரன் அதட்டவே, அந்த ஒரு பிடியையும் கீழே விட்டுவிட்டுப் போகிறான். சுதந்திரம் வந்து ஆறே ஆண்டுகள் ஆகியிருந்த ஒரு நாட்டில், மண்ணை வாயாரப் போற்றும் பாட்டுகள் எங்கும் ஒலித்துக்கொண்டிருந்தபோது, அந்த மண்ணில் ஒரு பிடி யாருக்குச் சொந்தம் என்று இப்படம் கேட்டது. தேசபக்தியைப் பற்றி இதைவிடத் தீவிரமான கேள்வியை நம் சினிமா கேட்டதாக நான் அறியேன். கேன்ஸ் படவிழாவிலும் அது பரிசு பெற்றது. அதன் பாடல்களை எழுதியவர் சைலேந்திரர். உழவரின் கூட்டுக்குரலாகவே அவை அமைந்தன.

அதன் பின்னர் வந்தது 'மதுமதி'. 1958-இல் வெளியான அந்தப் படத்தின் இசைக்காகவே அவருக்கு ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது. மறுபிறவிக் கதை, காதற்கதை, இதிலே புரட்சிக்காரருக்கு என்ன வேலை என்று கேட்டவர்கள் இருந்தார்கள். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் விடை கிடைக்கும். அந்தப் படத்தின் நாட்டுப்புற நடனப் பாட்டு ஒன்று அஸ்ஸாமின் தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் மெட்டை அடியாகக் கொண்டது. இன்னொன்று போலந்து நாட்டு நாடோடிப் பாடலைத் தழுவியது. கூலி லயத்தின் பாட்டும் ஐரோப்பிய உழவரின் பாட்டும் ஒரே படத்தில், ஒரே மலைச்சாரலில், வித்தியாசமின்றிச் சேர்ந்து ஒலித்தன. எந்த மேடையிலும் இடம் கொடுக்கப்படாத அந்தத் தோட்டக் கூலியின் மெட்டை இந்தியா முழுவதும் பாடும்படி செய்ததும் ஒரு தேசத்தொண்டுதான் என்று நான் கருதுகிறேன். பெயர் பெற்ற பாடல்களைத் தவிர, பாடல்களே இல்லாத படங்களுக்கும் அவர் பின்னணி இசை மட்டும் அமைத்தார். 1960-இல் வந்த 'கானூன்' அவ்வகையினது.

அவருடைய குறைகளையும் சொல்லிவிடுவது நியாயம். மெட்டை முதலில் முடித்துவிட்டுச் சொல்லைப் பின்னர் வருவித்துக்கொள்வது அவருடைய வழக்கம். அந்த மெட்டுகளோ எளிதில் வளையாதவை. எதிர்பாராத இடத்தில் தாவும், எதிர்பாராத இடத்தில் நிற்கும். ஓ. என். வி. குறுப்பைப் போன்ற தேர்ந்த கவிகளுக்கு அது சவாலாகி நல்ல பாட்டாய் விளைந்தது. மற்றவரிடத்தில் சொல் நெளிந்து பொருள் மெலிந்ததும் உண்டு. மேலும், ஒரே மெட்டை வங்காளத்தில் ஒரு முறை, ஹிந்தியில் ஒரு முறை, மலையாளத்தில் ஒரு முறை என்று அவர் மீண்டும் மீண்டும் எடுத்தாண்டார். சில வேளை அது வேறு தேசத்து மண்ணில் மீண்டும் நட்ட நாற்றாகச் செழித்தது. சில வேளை, அவசரத்துக்குப் பழைய பெட்டியைத் திறந்ததாகவும் தோன்றுகிறது. பெரியவர் ஒருவரைப் போற்றுகையில் இவற்றை மறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை அன்று.

இவற்றுக்கெல்லாம் மேலாக அவர் செய்த தனிப்பெருங்காரியம் என்று நான் கொள்வது சேர்ந்திசை. 1958-இல் அவர் பம்பாய் இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கினார். அதே ஆண்டில் கல்கத்தாவில் ரூமா குஹ டாகுர்தா தொடங்கிய குழுவிலும் அவருக்குப் பங்குண்டு. நம் நாட்டுச் சங்கீதம் மகோன்னதமானது. ஆயினும் அது பெரும்பாலும் தனியொருவர் சஞ்சரிக்கும் சங்கீதம். நாமசங்கீர்த்தனத்திலே நூறு பேர் பாடினாலும் நூறு பேரும் ஒரே ஸ்வரத்தில்தான் பாடுகிறார்கள். மேனாட்டிலோ தேவாலயத்தில் பிறந்து வளர்ந்த பல்குரலிசையிலே, ஆண்களின் தாழ்ந்த குரல் ஒரு வழியும் பெண்களின் உயர்ந்த குரல் ஒரு வழியும் செல்ல, ஒவ்வொன்றும் தன்னளவில் முழுமையான மெட்டாக இருந்துகொண்டே மற்றதற்கு ஆதாரமாகவும் அமைகிறது. இந்த முறையை நம் நாடோடிப் பாட்டுக்கும் மக்கட் பாட்டுக்கும் பொருத்துவது எளிய வேலையன்று. கமகத்தோடு பிறந்த மெட்டின் கீழே அசையாத ஸ்வரக்கட்டை வைத்தால் மெட்டு மூச்சுத் திணறிப்போகும். சலில் இதை அறிந்திருந்தார். ஆகவே தனித்தனி ஸ்வரத்தூண்களை எழுப்பாமல், மெட்டுக்கு எதிர்மெட்டையும் அதற்கு மற்றுமோர் எதிர்மெட்டையும் ஓடவிட்டு, நதிகள் கூடுவதுபோல் குரல்களைக் கூடச் செய்தார். சினிமாப் பாட்டுகளிலும் பாடகரின் பின்னே குழலோ வயலினோ தனக்கென ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு வருவதைக் கவனியுங்கள். அவருடைய வாத்திய கோஷ்டியில் வெறும் ஏவலாளாக எந்த வாத்தியமும் இருந்ததில்லை.

இந்தச் சேர்ந்திசைச் சிந்தனை சென்னையிலும் ஒரு தோழமையைக் கண்டது. மக்கள் நாடக மன்றத்திலேயே தம் கலைவாழ்வைத் தொடங்கிய எம். பி. ஸ்ரீநிவாசன், 1960-இல் நிமாய் கோஷ் இயக்கிய 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசையமைத்தவர், கே. ஜே. யேசுதாஸை முதன்முதலில் சினிமாவில் பாடச் செய்தவர். அவர் பின்னாளில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை அமைத்து, பாரதியாரின் பாடல்களைப் பல்குரலில் பாடவைத்தார். ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஒரே காலத்தின் கனவு கல்கத்தாவிலும் பம்பாயிலும் சென்னையிலும் ஒரே வடிவில் முளைத்தது என்பதே உண்மை. பல மொழிகள் பேசும் நாடு ஒன்று, ஒருவர் குரலில் மற்றவர் குரல் கரைந்துபோகாமல் சேர்ந்து பாட முடியுமா என்ற வினாவுக்கு அக்கலைஞர்கள் பாடியே விடை தேடினார்கள்.

தென்னாட்டோடு சலிலுக்கு ஏற்பட்ட உறவு 1965-இல் ராமு காரியாத்தின் 'செம்மீன்' படத்தினால் விளைந்தது. தகழியின் நாவல்; வயலார் ராமவர்மாவின் பாட்டு; மலையாளம் ஒரு சொல்லும் அறியாத வங்காளியின் இசை. அதிலே ஒரு பாட்டை மன்னா டே பாடினார். அவருக்கும் மலையாளம் தெரியாது. ஆயினும் கேரளத்து மீனவர் அந்தப் பாட்டுகளைத் தம்முடையவை என்றே கொண்டார்கள். ஜனாதிபதியின் தங்கப்பதக்கம் பெற்ற முதல் தென்னிந்தியப் படம் அதுவே. பின்னர் இருபதுக்கும் மேற்பட்ட மலையாளப் படங்களுக்கு அவர் இசையமைத்தார். இந்நாளைய சென்னையின் இசைச் சரித்திரமும் அந்தப் படங்களின் இசைப் பதிவறைகளோடு பிணைந்திருக்கிறது. ஏ. ஆர். ரஹ்மானின் தந்தையார் ஆர். கே. சேகர் சலிலுக்கு உதவியாளராக இருந்தார்; இளையராஜா தம் இளமையில் சலிலின் குழுவில் கிதார் வாசித்தார். இளையராஜாவின் பாட்டுகளில் குரலுக்குப் பின்னே எதிர்மெட்டுகள் ஓடும் அழகை ரசிக்கிறவர்கள், அந்த அழகின் பூர்வீகங்களுள் ஒன்றாக இந்த வங்கத்துப் பெரியவரையும் நினைத்துக்கொள்வது தகும்.

தமிழில் அவர் செய்தது கொஞ்சம். 1979-இல் பாலு மகேந்திராவின் 'அழியாத கோலங்கள்', 1980-இல் 'தூரத்து இடிமுழக்கம்' என இவை இரண்டையுமே பெரும்பாலோர் அறிவர். அவற்றுக்கு முன்னே, எழுபதுகளின் தொடக்கத்தில், 'கரும்பு' என்ற படத்துக்காக அவர் சிலப்பதிகாரத்துக் கானல்வரியை எடுத்து இசையமைத்தார். யேசுதாஸும் சுசீலாவும் பாடினார்கள். படம் வெளிவரவேயில்லை; பாட்டு மட்டும் தப்பிப் பிழைத்தது. கங்கை கடலோடு கலக்கும் முகத்துவாரத்து நாட்டில் பிறந்தவர், காவிரி கடலோடு கலக்கும் பட்டினத்தின் மணற்பரப்பில் கோவலன் யாழெடுத்துப் பாடிய பாட்டுக்கு மெட்டமைத்தார். இளங்கோவடிகளின் சொற்களை அவர் மெட்டுக்காக வளைக்கவில்லை. மெட்டை முதலில் வைத்துச் சொல்லைப் பின்னே அழைக்கும் அவர், இங்கே ஆயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட சொல்லின் பின்னே பணிந்து நடந்திருக்கிறார். கேட்டுப் பாருங்கள்; ஆற்றுவரியின் அசைவு அதிலே இருக்கிறது.

1988-இல் சங்கீத நாடக அகாதெமியின் விருது பெற்று, 1995-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி கல்கத்தாவில் அவர் மறைந்தார். அவருடைய சினிமாப் பாடல்கள் தமக்குத் தாமே காவல். அவற்றைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் கணசங்கீதங்கள் பாடுவோர் இருந்தால்தான் உயிரோடிருக்கும். வங்கத்தில் அவற்றைப் பாடும் குழுக்கள் இன்றும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் பல கல்லூரிகளிலும் சபைகளிலும் சேர்ந்திசை பயிலும் இளைஞர்கள் இருக்கிறார்கள். 'ரன்னர்' பாட்டை நல்ல தமிழ்க்கவி ஒருவர் அதன் ஓட்டம் குன்றாமல் தமிழாக்கித் தந்தால், சுருதி பெயர்ந்து செல்லும் அந்த வழியை அவ்விளைஞர்கள் பல்குரலில் பயின்று நம் மேடையில் பாட இயலும். அதற்கு வேண்டிய ஸ்வரக்குறிப்பையும் பயிற்சியையும் தர வல்ல வித்வான்கள் இந்த அவையிலேயே அமர்ந்திருக்கிறார்கள் என்பதை அறிவேன். அவர்களிடம் இந்த விண்ணப்பத்தை வைக்கிறேன்.